நிரல் கையில், போர்டு வழியில்

எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டைத் தாங்களே கட்டிக்கொள்ளும் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேராவது எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பார்கள். பலகை வந்திருக்கும், சக்கரங்கள் வந்திருக்கும், மோட்டார் பெட்டி பிரிக்காமல் மேஜைமேல் இருக்கும், பேட்டரிகூடக் கட்டி முடித்திருப்பார்கள். வராதது மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் மட்டும். உள்ளங்கையில் அடங்குகிற சர்க்யூட் போர்டு அது. முன்பதிவு செய்து, முழுப் பணமும் கட்டி, மாதங்கள் ஓடியிருக்கும். ஆனால் அந்த போர்டுக்குள் ஓடப்போகிற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம், வரி வரியாகப் படிக்கலாம், திருத்தலாம். ஒரு காசு தர வேண்டாம்.

இந்த முரண்பாட்டில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பலமும் இருக்கிறது, பலர் ஏமாந்துபோகிற இடமும் இருக்கிறது.

முதலில் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பேட்டரி தருவது நேர் மின்சாரம். ஸ்கேட்போர்டில் போடுகிற பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று கம்பிகள் இருக்கும். அந்த மூன்றிலும் மின்சாரத்தை முறை மாற்றி மாற்றி அனுப்பினால்தான் மோட்டார் சுற்றும். இதற்கு ஆறு மாஸ்ஃபெட் ஸ்விட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுகின்றன. எந்த ஸ்விட்ச் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு ஆம்பியர் போகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னச் சிப் முடிவு செய்கிறது. பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்குள் தள்ளுவதும் இதன் வேலைதான்.

ஆரம்ப காலத்தில் ரிமோட் கார்களுக்கும் பொம்மை விமானங்களுக்கும் செய்த கன்ட்ரோலர்களைத்தான் ஸ்கேட்போர்டில் மாட்டினார்கள். ஓடும், ஆனால் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும். விமானத்துக்குச் செய்ததில் ஒழுங்கான பிரேக் இருக்காது, விமானத்துக்கு அது தேவையும் இல்லையே. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் என்ற பொறியாளர் 2015இல் தன் வடிவமைப்பை வெளியிட்டபோது நிலைமை மாறியது. வெஸ்க் என்று பெயர். 40க்கு 60 மில்லிமீட்டருக்குள் அடங்கிய போர்டு, 8 முதல் 60 வோல்ட் வரை தாங்கும், தொடர்ச்சியாக 50 ஆம்பியர் அளவுக்குத் தரும். இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: ரிமோட்டில் விரலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஆம்பியர் மோட்டாருக்குப் போகும்படி அவர் நிரலை எழுதியிருந்தார். விரலுக்கும் விசைக்கும் நேரடித் தொடர்பு. நின்றுகொண்டு ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது ஒரு தடவை பழைய கன்ட்ரோலரில் பிரேக் போட்டு முன்னால் போய் விழுந்தவனுக்குத் தெரியும்.

அவர் நிரலை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டார். எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கலாம், மாற்றலாம். மாற்றி விற்றால், வாங்கியவருக்கு மாற்றிய மூல நிரலையும் தர வேண்டும் என்பதே நிபந்தனை. வெஸ்க் என்ற பெயர் மட்டும் அவருடைய பதிவு செய்த வணிகக்குறி. அதனால்தான் மற்றவர்கள் செய்கிற போர்டுகளுக்கு விதவிதமான பெயர்கள், கூடவே 'வெஸ்க் அடிப்படையிலானது' என்ற வரி. நிரல் பொதுச்சொத்து மாதிரி, பெயர் தனிச்சொத்து. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு விநோதமான சந்தையை உண்டாக்கின. சாலிடரிங் தெரிந்த, சர்க்யூட் வரையத் தெரிந்த எவரும் கன்ட்ரோலர் வியாபாரி ஆகலாம். மிகக் கடினமான பகுதியான மென்பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது அல்லவா.

சரி, முதல் வடிவமைப்பே நன்றாக ஓடியதென்றால் புதிது புதிதாக முன்பதிவு எதற்கு? இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேட்போர்டில் பரவலாகப் போடுகிற மோட்டார்களில் 14 காந்தங்கள் இருக்கும், அதாவது 7 ஜோடி. மோட்டாரின் கேவி எண் 190 என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று. லித்தியம் செல்களைப் பத்து வரிசையாகக் கோத்த பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் இருக்கும். 190ஐ 42ஆல் பெருக்கினால் 7,980 சுற்று. 7 ஜோடியால் பெருக்கினால் 55,860. இதைத்தான், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மின் சுழற்சி என்பதைத்தான், மின்சுற்று வேகம் என்கிறார்கள். இதே மோட்டாருக்குப் பன்னிரண்டு வரிசை பேட்டரி போட்டால் 50.4 வோல்ட், மின்சுற்று வேகம் 67,032. பழைய நான்காம் தலைமுறை வெஸ்க் போர்டுகளில் 60,000ஐத் தாண்டவே கூடாது என்பது எல்லோரும் சொல்லிக்கொண்ட விதி. தாண்டினால், அதுவும் எஃப்ஓசி எனப்படும் ஓசையில்லாத மென்மையான ஓட்டமுறையில் தாண்டினால், மாஸ்ஃபெட்களை இயக்கும் டிஆர்வி8302 என்ற சிப் பொசுங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். அந்தச் சிப்பின் வோல்ட் உச்சவரம்பும் 60தான்.

ஆக இரண்டே இரண்டு செல் வரிசை கூட்டினால் போதும், விளிம்புக்கு வந்துவிடுகிறோம். அப்புறம் இரண்டு மோட்டார் வேண்டும், பெரிய சக்கரம் வேண்டும், மேடு ஏற வேண்டும். ஆசை கூடக் கூட, அடுத்த தலைமுறை போர்டுக்கான தேவையும் கூடியது. மூன்று கம்பியிலும் தனித்தனியாக ஆம்பியரை அளப்பது, அதிக வோல்ட் தாங்குவது, இரண்டு கன்ட்ரோலரை ஒரே அலுமினியப் பெட்டிக்குள் வைப்பது என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஏதாவது ஒன்றை வாக்களித்து முன்பதிவைத் திறந்தார்கள்.

முன்பதிவுப் பணம் எங்கே போகிறது என்பதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. தயாரிப்பாளர் என்பது பல நேரங்களில் ஒருவர், அல்லது வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பேர். நூறு இருநூறு போர்டுக்கான மாஸ்ஃபெட், கெபாசிட்டர், கனெக்டர், சிப் எல்லாவற்றையும் முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும். போர்டு அச்சிடுகிற தொழிற்சாலையும், உறுப்புகளை ஒட்டித் தருகிற தொழிற்சாலையும் பணத்தைப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை ஓட்டும். வங்கி இதற்குக் கடன் தராது. அதனால் வாடிக்கையாளரே முதலீட்டாளர் ஆகிவிடுகிறார், லாபத்தில் பங்கு இல்லாத முதலீட்டாளர்.

அந்தப் பணம் நேர்மையாகச் செலவானாலும் தாமதம் வரும். முதல் மாதிரி போர்டு மேஜைமேல் அழகாக ஓடும். பிறகு ஒருவர் அதை மேட்டில் ஏற்றி, உச்சியில் சட்டென்று பிரேக் பிடிப்பார், ஒரு மாஸ்ஃபெட் வெடிக்கும். ஏன் என்று கண்டுபிடிக்க, வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கெபாசிட்டர் ஸ்விட்சிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளியிருந்ததால் வோல்ட்டேஜ் துள்ளியிருக்கும், அல்லது அளவுச் சமிக்ஞை போகிற தடம் பெரிய மின்சாரத் தடத்துக்குப் பக்கத்தில் போயிருக்கும். படத்தைத் திருத்தி, மறுபடி அச்சிட்டு, மறுபடி உறுப்பு ஒட்டி, மறுபடி வரவழைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு சுற்றுக்குச் சில வாரங்கள் சாதாரணமாகப் போய்விடும். இடையில் சீனப் புத்தாண்டு வந்தால் ஷென்ஜென் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். இந்த வேலையைச் சுருக்கச் சொல்லி நச்சரிக்காமல் இருப்பது நல்லது. ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் மோட்டாரின் கம்பிகள் உள்ளுக்குள்ளேயே இணைந்து, ஓடுகிற சக்கரம் பலமாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும். பலகை நிற்கும், மேலே நின்றவர் நிற்க மாட்டார்.

உறுப்புகளே கிடைக்காத காலமும் உண்டு. 2018இல் செராமிக் கெபாசிட்டர்களுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அதைவிட மோசம் 2021. வெஸ்க் நிரல் ஓடுவது எஸ்டிஎம்32எஃப்405 என்ற சிப்பில். 168 மெகாஹெர்ட்ஸ், ஒரு மெகாபைட் நினைவகம். சாதாரணமாகக் கேட்டதும் கிடைக்கிற சிப், ஆனால் அந்த ஆண்டு முறையான விநியோகஸ்தர்களிடம் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். இடைத்தரகர்களிடம் பல மடங்கு விலை, கூடவே பழைய சிப்பைச் சுரண்டிப் புதுப் பெயர் அச்சடித்த போலிகள். வேறு சிப்புக்கு மாறிவிடலாமே என்றால் அது அவ்வளவு லேசில்லை. இந்தச் சிப்பில் ஒரே நேரத்தில் அளவெடுக்கக்கூடிய மூன்று அளவிகள் இருக்கின்றன, மூன்று கம்பிகளின் ஆம்பியரையும் அதே கணத்தில் படிக்க நிரல் அவற்றை நம்பியிருக்கிறது. அதே கால் அமைப்புள்ள மாற்றுச் சிப்கள் சந்தையில் உண்டு. ஆனால் நுண்ணிய நேரக்கணக்கில் அவை துளி விலகினாலும் விளைவு சாலையில் தெரியும். நிரலை ஆயிரம் பிரதி எடுக்கலாம், அது ஓடுவதற்கான சிலிக்கான் துண்டைப் பிரதி எடுக்க முடியாதே.

இத்தனை சொன்ன பிறகு என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். தாமதத்தைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை தவறான இடத்தில் போய் உட்கார்வது. 'ஓபன் சோர்ஸ்' என்று கேட்டவுடன், இவர் மறைக்க எதுவும் இல்லாத ஆள் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. வெடரும் அவரோடு நிரல் எழுதியவர்களும் பல ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்த நற்பெயர், அந்த நிரலை எடுத்துப் போர்டு விற்கிற முன்பின் தெரியாத ஒருவருக்கு ஓசியில் கிடைத்துவிடுகிறது. நிரல் திறந்திருப்பதால் நிரலைச் சோதிக்கலாம். விற்பவரின் வங்கிக் கணக்கையோ, கெபாசிட்டர் வாங்க ஆர்டர் கொடுத்தாரா இல்லையா என்பதையோ அதை வைத்துச் சோதிக்க முடியாது. ஜிபிஎல் உரிமத்தில்கூட, மூல நிரலைக் கேட்கிற உரிமை போர்டு கைக்கு வந்த பிறகுதான் பிறக்கிறது. பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த உரிமம் எந்தப் பிடிமானமும் தருவதில்லை. சொல்லப்போனால், எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதே உரிமம் தனியாக ஒரு பிரிவு போட்டுச் சொல்கிறது. அது நிரலைப் பற்றியது. போர்டுக்கான உத்தரவாதம் விற்பவர் தனியாகத் தர வேண்டியது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது.

நிரல் திறந்ததென்றால் வன்பொருள் வரைபடமும் திறந்தது என்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. சர்க்யூட் படத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு திறந்த நிரலை ஓட்டுகிற போர்டுகள் சந்தையில் தாராளமாக உண்டு.

ஆனாலும் திறந்த நிரலால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வெஸ்க் நிரலின் கோப்புகளுக்குள் வன்பொருளுக்கென்று தனிக் கோப்பறை இருக்கிறது. ஒவ்வொரு போர்டுக்கும் அதில் தனிக் கோப்பு. எந்தக் காலில் எது இணைந்திருக்கிறது, ஆம்பியர் அளக்கும் ஷண்ட் மின்தடை எத்தனை ஓம், அதன் சமிக்ஞையை எத்தனை மடங்கு பெருக்குகிறார்கள், எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே எண்களாக எழுதியிருக்கும். பார்த்தால் நாலு வரி. அதில்தான் உயிர் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். ஷண்ட் ஒரு மில்லிஓம் என்று கோப்பு சொல்கிறது, போர்டில் உண்மையில் ஒட்டியிருப்பது அரை மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 120 ஆம்பியர் போகும்போது ஷண்ட்டில் கிடைப்பது 60 மில்லிவோல்ட். நிரல் அதை ஒரு மில்லிஓம்மால் வகுத்து 60 ஆம்பியர் என்று படிக்கும். நீங்கள் 60ஐ உச்சவரம்பாக வைத்திருந்தால், அது வரம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு 120ஐ விட்டுக்கொண்டிருக்கும். எல்லா எண்ணும் திரையில் சரியாகத் தெரியும், மாஸ்ஃபெட் மட்டும் கொதிக்கும். அதனால்தான் ஒரு போர்டுக்கான நிரலை இன்னொரு போர்டில் ஏற்றக் கூடாது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உங்கள் போர்டுக்கான கோப்பு பொது நிரலில் சேர்ந்திருக்கிறதா, இல்லை நீங்களே தனியாகத் தருவீர்களா? பொது நிரலில் இருந்தால், விற்றவர் நாளைக்குக் கடையைக் கட்டிவிட்டாலும் வெஸ்க் டூல் என்ற செயலி அந்த போர்டை அடையாளம் கண்டு புதுப் பதிப்பை ஏற்றித் தரும். விற்பவர் தனியாக ஒரு கோப்பு அனுப்பி, அதன் மூலத்தைத் தராமல் இருந்தால், அவர் காணாமல்போகும் நாளில் உங்கள் போர்டு அந்தப் பதிப்பிலேயே உறைந்துவிடும். உரிமத்தை மீறியிருக்கிறார் என்று வாதாடலாம், ஆனால் ஓர் ஆள் நடத்திய, இப்போது இல்லாத கடைமேல் வழக்குப் போட்டு யார் அலைவது?

பணம் கட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பேபால் போன்ற சேவைகளில் பொருள் வரவில்லை என்று புகார் செய்யப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் அவகாசம். ஆறு மாதம் என்பது முன்பதிவு உலகத்தில் பெரிய காலமே இல்லை. 'அடுத்த வாரம் அனுப்பிவிடுவோம்' என்ற பதில் ஐந்தாவது மாதமும் வந்துகொண்டிருந்தால், பொறுமையாக இருப்பவருக்குத்தான் நஷ்டம். 179ஆம் நாள் கேட்டால் பணம் திரும்பும், 181ஆம் நாள் கேட்டால் அனுதாபம் கிடைக்கும். விற்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் தொகுதியின் உறுப்புகளுக்கு விலை ஏறிவிடும், அந்தப் பள்ளத்தை நிரப்ப இரண்டாவது பொருளுக்கு முன்பதிவைத் திறப்பார், இரண்டாவதன் பணம் முதலாவதில் கரையும். அங்கிருந்து மீண்டு வருவது கஷ்டம். அதனால் பழைய ஆர்டர்களை அனுப்பாமலே புதிய மாடலுக்குத் தள்ளுபடி விலையில் முன்பதிவு அறிவிப்பதுதான் என் கண்ணில் மிக மோசமான அறிகுறி. படம் எல்லாம் கணினியில் வரைந்ததாகவே இருப்பது இரண்டாவது.

நல்ல அறிகுறிகளும் உண்டு. வெடித்த போர்டின் படத்தை விற்பவரே போட்டு, ஏன் வெடித்தது என்று எழுதினால் எனக்கு நம்பிக்கை கூடும். தாமதத்துக்கு 'சப்ளை பிரச்சினை' என்று மொட்டையாகச் சொல்லாமல் எந்த உறுப்பு, எப்போது வரும் என்று சொல்கிறவர் கேட்டால் பெரும்பாலும் பணத்தையும் திருப்பித் தருவார்.

இவ்வளவு தொல்லை இருக்க, பெரிய நிறுவனத்தின் தயார்நிலைப் பலகையை வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு பூஸ்டட் கதையைச் சொல்லலாம். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி எழுந்த நிறுவனம், இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நிரல், பேட்டரி, ரிமோட் எல்லாம் ஒன்றோடொன்று பூட்டிய மூடிய அமைப்பு. 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு நின்றுபோனது. அதன் பலகைகள் இயந்திரமாக நன்றாகவே இருந்தன. கன்ட்ரோலரோ பேட்டரியோ மக்கர் செய்தால் சரிபார்க்கத்தான் ஆளில்லை. அவற்றில் பலவற்றை உயிர்ப்பித்தவர்கள் இதே பொழுதுபோக்குக்காரர்கள்தான். உள்ளே இருந்ததைக் கழற்றிப்போட்டுவிட்டு வெஸ்க் வகைக் கன்ட்ரோலரை மாட்டினார்கள். காத்திருந்து வாங்கிய போர்டு ஐந்து வருடம் கழித்தும் புதுப் பதிப்பு நிரலை ஏற்றுக்கொள்ளும் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒற்றைச் சக்கரப் பலகை ஓட்டுகிறவர்களும் இந்தப் பக்கம் வந்ததற்கு இதுதான் காரணம். சமநிலை காக்கும் நிரலை இதே அடித்தளத்தின்மேல் எழுதிக்கொண்டு, மூடிய கன்ட்ரோலரைத் தூக்கிப்போட்டவர்கள் நிறையப் பேர்.

பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தால், அன்றைக்கே பலகையில் மாட்டிச் சாலைக்குப் போகத்தான் மனசு சொல்லும். கேட்காதீர்கள். முதலில் பேட்டரியை இணைக்காமல், ஆம்பியர் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் ஒன்றிரண்டு ஆம்பியர் மட்டும் கொடுத்து போர்டு விழிக்கிறதா என்று பாருங்கள். சாலிடரில் எங்காவது ஷார்ட் இருந்தால் பவர் சப்ளை வரம்பிலேயே நின்றுவிடும். பேட்டரியாக இருந்தால் நிற்காது, தீப்பிடிக்கும். வெஸ்க் டூலில் இணைத்து, அது காட்டும் வன்பொருள் பெயர் நீங்கள் வாங்கிய போர்டின் பெயர்தானா என்று சரிபாருங்கள். அப்புறம் பேட்டரிக்கு மாறி, சக்கரம் தரையில் படாமல் வைத்துக்கொண்டு, மோட்டாரின் மின்தடையையும் தூண்டத்தையும் அதுவே அளந்துகொள்ளும் சோதனையை ஓட்டுங்கள். இரண்டு மோட்டார் இருந்தால் இரண்டுக்கும் வருகிற எண்கள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் ஒரு கனெக்டர் சரியாகச் சாலிடர் ஆகவில்லை. பேட்டரிக்குள் திரும்பப் போகிற பிரேக் மின்சாரத்துக்கான வரம்பை உங்கள் செல்கள் தாங்குகிற சார்ஜ் அளவுக்குள் வையுங்கள். கடைசியாக, முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு இறக்கத்தில் முதல் ஓட்டம் வேண்டாம். செல்களில் இடமில்லாதபோது பிரேக் மின்சாரம் போக வழியில்லாமல் வோல்ட்டேஜ் ஏறும், கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிரேக்கை விட்டுவிடும்.